ரீஃபண்ட் வந்த பிறகு கணக்கைத் திருத்த முடியாதா?

கேள்வி, 19 ஆகஸ்ட் 2024

ஐயா, 2023-24 நிதியாண்டுக்கான வருமானவரிக் கணக்கை ஜூலை 20ஆம் தேதி நானே தாக்கல் செய்தேன். சம்பளத்தை மட்டும்தான் காட்டினேன். ஆகஸ்ட் முதல் வாரம் ரூ. 4,620 ரீஃபண்டாக வங்கிக் கணக்கில் வரவானது. நேற்று பீரோவை ஒழித்தபோது ஒரு வைப்பு ரசீது கிடைத்தது. அதற்கு அந்த ஆண்டில் ரூ. 46,200 வட்டி சேர்ந்திருக்கிறது. நான் அதைக் காட்டவே இல்லை. ரீஃபண்ட் வந்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது, இனித் தொட முடியாது, தொட்டால் வம்பு என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

19 ஆகஸ்ட் 2024, இரவு

உண்மையில்லை. வருமானவரிச் சட்டத்தின் 139(5) பிரிவின்படி, தாக்கல் செய்த கணக்கில் ஏதேனும் விடுபட்டிருப்பதையோ தவறாகச் சொல்லப்பட்டிருப்பதையோ கண்டறிந்தவர், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிவதற்கு மூன்று மாதம் முன்பு வரை, அதாவது இந்த டிசம்பர் 31 வரை, திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யலாம். அதற்குள் துறை மதிப்பீட்டை முடித்துவிட்டிருந்தால் மட்டுமே அந்த வழி அடைபடும். உங்களுக்கு மின்னஞ்சலில் வந்த 143(1) அறிவிப்பைத்தான் அலுவலகத்து நண்பர்கள் மதிப்பீடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது மதிப்பீட்டு ஆணை அன்று. நீங்கள் எழுதிக் கொடுத்ததை பெங்களூருவில் உள்ள மையத்தின் கணினி கூட்டிக் கழித்துப் பார்த்து அனுப்பிய சீட்டு, அவ்வளவே. முதல் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தவர் என்பதால் உங்களுக்குத் தாமதக் கட்டணமும் கிடையாது.

உங்கள் கேள்வியிலேயே இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. ரூ. 46,200இல் பத்து விழுக்காடு எவ்வளவு என்று பாருங்கள்: ரூ. 4,620. வட்டி ரூ. 40,000ஐத் தாண்டியதால் வங்கி உங்கள் பான் எண்ணின் பேரில் டி.டி.எஸ். பிடித்திருக்கிறது. அந்தப் பிடித்தம் இணையதளத்தில் முன்நிரப்பப்பட்ட படிவத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்களும் அதைப் பார்க்காமல் கணக்கை அனுப்பிவிட்டீர்கள். வருமானத்தைக் காட்டாமல் அதன் மீதான வரியை மட்டும் திரும்ப வாங்கியிருக்கிறீர்கள். மொய் எழுதாமல் தாம்பூலப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தது போலத்தான். இதே காரணத்துக்காக 139(9) பிரிவின் கீழ் 'குறைபாடுள்ள கணக்கு' என்று நோட்டீஸ் வந்தவர்கள் உண்டு. தொட்டால் வம்பு என்பதைத் தொடாவிட்டால் வம்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

20 ஆகஸ்ட் 2024

நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) ரூ. 50,000 போகச் சம்பளம் சரியாக ரூ. 9,00,000 என்றும், புதிய வரிமுறை என்றும் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வரி ரூ. 45,000, நான்கு விழுக்காடு செஸ் ரூ. 1,800, ஆக ரூ. 46,800, அதை அலுவலகம் முழுவதுமாகப் பிடித்துவிட்டது. இப்போது ரூ. 46,200 வட்டியைச் சேர்த்தால், ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வரி 15 விழுக்காடு என்பதால், செஸ்ஸுடன் மொத்த வரி ரூ. 54,007 ஆகிறது. இரண்டு பிடித்தங்களும் சேர்ந்து ரூ. 51,420. மீதியைப் பத்தின் மடங்காக்கினால் ரூ. 2,590. பிடித்தங்கள் போக நிற்கும் வரி ரூ. 10,000க்குக் குறைவு என்பதால் முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டி எழவில்லை. ரூ. 2,590ஐக் கட்டிவிட்டுத் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

படிவத்தில் 139(1), அதாவது கெடுவுக்குள் போடும் முதல் கணக்கு, என்று இருக்கும் இடத்தில் 139(5)ஐத் தேர்ந்தெடுத்து, முதல் கணக்கின் பதினைந்து இலக்க ஒப்புகை எண்ணையும் அதைத் தாக்கல் செய்த தேதியையும் தர வேண்டும். வட்டியை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். திருத்திய கணக்கு என்பது கிழிந்த இடத்தில் போடும் ஒட்டு அன்று; முழுவதும் புதிதாகத் தைத்த சட்டை. சம்பளம், கழிவு, பிடித்தம், வங்கிக் கணக்கு எல்லாம் மறுபடியும் இருக்க வேண்டும், ஏனென்றால் இது வந்தபின் பழையது இல்லை என்றே கொள்ளப்படும்.

20 ஆகஸ்ட் 2024, சற்றுநேரம் கழித்து

சலான் போடும்போது ஆண்டைக் கவனியுங்கள். நீங்கள் கட்டுவது 2023-24 நிதியாண்டின் வருமானத்துக்கு; தேர்ந்தெடுக்க வேண்டியது 2024-25 மதிப்பீட்டு ஆண்டு. பதினைந்து பேருக்கு ஆண்டுதோறும் கணக்குப் போட்டுக் கொடுத்து, கூலியாக ஒரு டம்ளர் காபி வாங்கிக்கொள்கிற நானே இந்த ஜூலையில் இதில் விழுந்தேன். என் சொந்த வரிக்கான சலானில் 2023-24 என்று போட்டுப் பணத்தையும் கட்டி, ரசீதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துத் துளையும் போட்டுவிட்டேன். நான்காம் நாள் படிவத்தில் சலான் விவரத்தை நிரப்பும்போதுதான், இணையதளம் எனக்கு இன்னும் வரி பாக்கி என்றே காட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று ரசீதைத் திரும்பப் பார்த்தேன். நல்ல வேளையாக, பணம் கட்டிய ஏழு நாள்களுக்குள் மதிப்பீட்டு ஆண்டை இணையத்திலேயே மாற்ற இப்போது வசதி செய்திருக்கிறார்கள். அந்த ஏழு நாளும் போயிருந்தால் என் பகுதிக்கு உரிய வருமானவரி அதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு ஆண்டு பேரேடு எழுதியவன் நான். ஒரே பணத்துக்கு இரண்டு ஆண்டுப் பெயர்களை வைத்த புண்ணியவான் யார் என்று அன்றைக்கு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

23 ஆகஸ்ட் 2024

"வட்டி என் கைக்கு வரவே இல்லையே, ஐந்தாண்டு முடிந்தால்தானே தருவார்கள், பிறகு ஏன் இப்போது காட்ட வேண்டும்" என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். என்னிடம் வருகிற கணக்குகளில் மிகுதியாகக் காணப்படும் விடுபாடு இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வட்டியை மாதாமாதமோ காலாண்டுக்கொரு முறையோ வாங்கும் வைப்பு ஒரு வகை. வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வைப்பு இன்னொரு வகை. இரண்டாம் வகையில் பணம் முதிர்வில்தான் கைக்கு வரும், ஆனால் வங்கி ஆண்டுதோறும் சேர்ந்த வட்டிக்குப் பிடித்தம் செய்து உங்கள் பான் எண்ணில் வரவு வைத்துவிடும். படிவம் 26ஏஎஸ்ஸிலும் (உங்கள் பேரில் பிடித்த வரியின் பட்டியல்) ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் (வங்கி முதலியோர் உங்களைப் பற்றித் துறைக்குத் தந்த விவரம்) அந்த ஆண்டுக்கான வட்டியாகவே அது தெரியும். கைக்கு வந்த ஆண்டில்தான் காட்டுவேன் என்று ரொக்க முறையில் கணக்கு வைப்பவர் வாதிடலாம். வாதம் சட்டப்படி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாண்டு வட்டியையும் ஒரே ஆண்டில் காட்டும்போது வரிவிகிதம் ஒரு படி ஏறிவிடலாம், நான்கு ஆண்டு பிடித்தங்களையும் ஆண்டுக்காண்டு தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்குத் தெரிந்து அதைப் பிசகாமல் செய்து முடித்தவர் ஒருவருமில்லை. ஆண்டுதோறும் காட்டிவிடுவதே நிம்மதி.

எங்கள் வீட்டில் வைப்பு ரசீதுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அடியில் நகைச்சீட்டுப் புத்தகம், அதன் மேல் மாமனார் காலத்துப் பத்திரங்களின் நகல், அதற்கும் மேல் ரசீதுகள். தானாகப் புதுப்பிக்கப்படும் வைப்புக்குப் புது ரசீது வாங்க யாரும் வங்கிக்குப் போவதில்லை என்பதால், டின்னில் இருப்பது 2016ஆம் ஆண்டின் தொகை, வங்கியில் இருப்பது வேறு தொகை. ஆகவே டின்னை நம்பிக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கிவைத்துக்கொண்டு டின்னோடு ஒப்பிடுகிறேன். அறிக்கையில் இருந்து டின்னில் இல்லாததும் அகப்படுகிறது, டின்னில் இருந்து அறிக்கையில் இல்லாததும் அகப்படுகிறது.

சில நூறு ரூபாய் வட்டி விட்டுப்போனதற்கெல்லாம் திருத்திய கணக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து.

2 செப்டம்பர் 2024

"திருத்திய கணக்கு எதற்கு, 154ஆம் பிரிவில் பிழைதிருத்த மனு கொடுத்தால் போதுமே, அதற்கு நான்கு ஆண்டு அவகாசமும் இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதே எண்ணத்தால் ரூ. 4,992ஐ இழந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

2021-22 நிதியாண்டு. பழைய வரிமுறையில், 20 விழுக்காட்டுப் படியில் இருந்தேன். மருத்துவக் காப்பீட்டுத் தவணையாக ரூ. 24,000 கட்டியிருந்தேன், 80டி பிரிவில் அதைக் கழித்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கணக்குப் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில், ஜூலை 30ஆம் தேதி இரவு, என்னுடையதைப் போட்டதில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். அக்டோபரில் 143(1) அறிவிப்பு வந்தது. அதில் இரண்டு நிரல்கள் இருக்கும்: நீங்கள் காட்டியது ஒன்று, துறை கணக்கிட்டது ஒன்று. 80டிக்கு நேராக இரண்டிலும் சுழி. உடனே பிழைதிருத்த மனுவைப் போட்டேன். நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. பிப்ரவரியில் பதில் வந்தது: திருத்தத்தக்க பிழை எதுவும் இல்லை.

அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. 154 என்பது ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும் பிழைக்கானது. நீங்கள் சரியாகக் காட்டிய பிடித்தத்தைத் துறையின் கணக்கு ஏற்காமல் போனது, கூட்டலில் பிசகு, கட்டிய சலான் ஒட்டாமல் நின்றது போன்றவை அங்கே செல்லும். நான் கேட்கவே கேட்காத கழிவைத் துறை தரவில்லை என்பது துறையின் பிழை ஆகாது. என் பிழைக்கு உரிய வழி திருத்திய கணக்கு. அந்த வழியோ, நான் மனுவின் பதிலுக்காகக் காத்திருந்தபோது, 2022 டிசம்பர் 31 நள்ளிரவில் அடைபட்டுவிட்டது. ரூ. 24,000க்கு 20 விழுக்காடும் அதன்மேல் செஸ்ஸும் போட்டுப் பாருங்கள்.

எனக்குள் ஒரு பழைய பழக்கம் இருந்ததும் காரணம். முன்பெல்லாம் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து இன்னும் ஓராண்டு வரை கணக்கைத் திருத்தலாம். 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை மதிப்பீட்டு ஆண்டின் இறுதிக்குச் சுருக்கியது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மேலும் மூன்று மாதத்தை வெட்டி டிசம்பர் 31க்குக் கொண்டுவந்தது. தலையில் பழைய பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

11 செப்டம்பர் 2024

திருத்திய கணக்கையும் முப்பது நாள்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமோ நெட் பேங்கிங் மூலமோ சரிபார்க்க வேண்டும். முதல் கணக்கைச் சரிபார்த்துவிட்டோமே என்று விட்டுவிட்டால், திருத்தியது தாக்கலானதாகவே கொள்ளப்படாது. பழைய தவறு அப்படியே உயிரோடு இருக்கும்.

12 செப்டம்பர் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, முதல் கணக்கையே இன்னும் சரிபார்க்காமல் வைத்திருக்கும் ஒருவர், திருத்தாமல் அதை நீக்கிவிட்டுப் புதிதாகத் தாக்கல் செய்யலாமா என்கிறார். சரிபார்க்காத கணக்கை நீக்கும் வசதி இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் ஜூலை 31 கடந்துவிட்ட பிறகு நீக்கினால், புதிதாகத் தாக்கல் செய்வது காலங்கடந்த கணக்கு ஆகிவிடும். மொத்த வருமானம் ஐந்து இலட்சத்துக்கு மேல் என்றால் ரூ. 5,000, அதற்குள் என்றால் ரூ. 1,000 கட்டணம், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விடும். முப்பது நாள் கடக்கவில்லை என்றால், முதலில் சரிபாருங்கள், பிறகு திருத்துங்கள்.

5 அக்டோபர் 2024

ஆகஸ்ட் 20ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. மற்றவர்களின் பிழைகளைத் திருத்தும் இழையில் என் பிழையையும் எழுதத்தானே வேண்டும்.

கேட்டவர் நான் சொன்னபடி ரூ. 2,590 கட்டி மறுநாளே திருத்திய கணக்கைத் தாக்கல் செய்தார். அதற்கான 143(1) அறிவிப்பு இப்போது வந்திருக்கிறது, ரூ. 4,620 நிலுவை என்கிறது. பதறிப்போய் எழுதியிருந்தார். நான் ரூ. 54,007 வரியிலிருந்து ரூ. 51,420 பிடித்தத்தைக் கழித்தேனே தவிர, அந்தப் பிடித்தத்தில் ரூ. 4,620 ஏற்கெனவே ரீஃபண்டாக அவர் கைக்குத் திரும்பிவிட்டதை மறந்துவிட்டேன். கேள்வியின் தலைப்பே ரீஃபண்ட்! படிவமும் அதைக் கேட்பதில்லை. முழுப் பிடித்தத்தையும் வரவு வைத்துக்கொண்டு ரூ. 2,590 கட்டினால் போதும் என்றுதான் காட்டும். மையத்தில் கணக்கிடும்போது முன்பு கொடுத்த ரீஃபண்டைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்கிறார்கள். அவர் மொத்தத்தில் கட்ட வேண்டியது ரூ. 7,210, அதாவது ரூ. 46,200 வட்டிக்கு உரிய முழு வரி. கூடுதலாக எதுவும் கேட்கப்படவில்லை.

ஆகவே பதற வேண்டாம். இணையதளத்தில் நிலுவைக்குப் பதில் தரும் பகுதிக்குப் போய், அங்கிருந்தே கட்டுங்கள். சலானில் அதற்குரிய சிறுதலைப்பு (மைனர் ஹெட்) எண் 400; தாமாக மதிப்பிட்டுக் கட்டும் வரிக்கானது 300. இரண்டையும் மாற்றிப் போட்டால் பணம் கட்டியும் நிலுவை தீராமல் நிற்கும். அறிவிப்பு வந்து முப்பது நாள்களுக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. தாண்டினால் மாதத்துக்கு ஒரு விழுக்காடு.

அறிவிப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கிறது என்கிறார். பான் எண் சிறிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில்.

9 அக்டோபர் 2024

செப்டம்பர் 2ஆம் தேதிக் குறிப்பில், டிசம்பர் 31உடன் எல்லாம் முடிந்துவிட்டது போல எழுதியிருந்தேன். அதுவும் முழு உண்மை அன்று. காலங்கடந்த கோரிக்கையை ஏற்றுக்கொள்ள 119(2)(பி) பிரிவு உயர் அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. இம்மாதம் 1ஆம் தேதி மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவு செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு இது ஆறாண்டாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் என் ரூ. 4,992க்கு 2028 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணமும், கிடைக்காவிட்டால் உண்மையான இன்னலும் இருந்தாக வேண்டும். "எல்லோருக்கும் கணக்குப் போட்டுவிட்டு என்னுடையதைத் தூக்கக் கலக்கத்தில் போட்டேன்" என்று ஆணையருக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மனைவி எழுதச் சொல்கிறார். விண்ணப்பத்தின் வரைவு இரண்டு நாளாக மேசை மேல் கிடக்கிறது. மேலே காபி டம்ளரின் வட்டத் தடம் விழுந்துவிட்டது.

17 நவம்பர் 2024

கணக்கைத் திருத்தவே தேவையில்லாத தவறுகளுக்காகத் திருத்திய கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரீஃபண்ட் போய்ச்சேர வேண்டிய வங்கிக் கணக்கு மூடப்பட்டிருந்தால், வேறு கணக்கைச் சரிபார்த்துச் சேர்த்துவிட்டு, ரீஃபண்டை மறுபடி அனுப்பக் கோரினால் போதும். வீட்டு முகவரி மாறியதற்கும் கைப்பேசி எண் மாறியதற்கும் சுயவிவரப் பக்கம் இருக்கிறது.

இன்னொன்று, கணக்கு சரியாக இருந்து ஆண்டுத் தகவல் அறிக்கை தவறாக இருப்பது. ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார்: அம்மாவின் பணம், அம்மா பேரில் வைப்பு, ஆனால் வங்கியில் முதல் பெயராகத் தன் பெயர் பதிவாகிவிட்டதால் வட்டி முழுவதும் தன் அறிக்கையில் வருகிறது, அதற்காகத் தன் கணக்கைத் திருத்தி அதைச் சேர்க்க வேண்டுமா? சேர்க்காதீர்கள். அறிக்கையிலேயே அந்த வரிக்கு நேராக, இந்தத் தகவல் வேறொரு பான் எண்ணுக்கு உரியது என்று மறுமொழி பதிவு செய்யலாம். கையோடு வங்கிக்குப் போய்ப் பெயர் வரிசையையும் மாற்றுங்கள். இல்லையென்றால் ஆண்டுதோறும் இதே வேலை. தாயாரின் கணக்கில் அந்த வட்டி காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூத்த குடிமக்களுக்குப் பழைய வரிமுறையில் 80டிடிபி பிரிவின் கீழ் ரூ. 50,000 வரை வட்டிக்குக் கழிவு உண்டு என்பதால், வரியே வராமலும் போகலாம்.

28 டிசம்பர் 2024

மூன்று நாள்தான் இருக்கிறது. இந்த மாதம் முழுவதும் துறையிலிருந்து குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வந்தவண்ணம் இருக்கின்றன: உங்கள் கணக்கில் காட்டியதற்கும் எங்களிடம் உள்ள தகவலுக்கும் பொருத்தமில்லை, சரிபார்த்துத் தேவையானால் திருத்துங்கள் என்று. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நோட்டீஸ் அன்று, நினைவூட்டல்.

ஆனால் நேற்று ஒருவர் தொலைபேசியில் கேட்டது மனத்தில் நெருடிக்கொண்டே இருக்கிறது. அவர் சென்ற ஆண்டு ஒரு முகவரிடம் கணக்கைக் கொடுத்திருக்கிறார். முகவர், எந்தக் காலத்திலும் அவர் கொடுக்காத ஓர் அரசியல் கட்சி நன்கொடையைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்து, அதில் பங்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார். "இதுவும் தவறுதானே, திருத்திவிட்டால் சரியாகிவிடும்தானே" என்றார்.

139(5)இல் ஒரு சொல் இருக்கிறது: கண்டறிந்தால். விடுபாட்டையோ தவறான கூற்றையோ கண்டறிந்தால் திருத்தலாம். ரசீதைப் பீரோவில் கண்டெடுத்தவர் கண்டறிந்தார். 80டி கட்டத்தை வெறுமையாக விட்ட நானும் கண்டறிந்தேன். தெரிந்தே பொய் எழுதியவர் எதைக் கண்டறிகிறார்? இப்படித் தெரிந்தே எழுதிய பொய்யை இந்தப் பிரிவு காப்பாற்றாது என்ற வாதம் உண்டு. ஆனாலும் அவரிடம் திருத்தச் சொன்னேன். துறை கண்டுபிடித்துக் கேட்கும் முன் தானே சொல்லி வரியைக் கட்டுவதும், கேட்ட பிறகு சொல்வதும் ஒன்றாகா. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 விழுக்காடு அபராதம் என்றும், பொய் சொல்லிக் குறைத்தால் 200 விழுக்காடு என்றும் 270ஏ பிரிவு சொல்கிறது. அவர் கேட்ட ஆண்டுக்கு டிசம்பர் 31 சென்ற ஆண்டே கடந்துவிட்டதால், புதுப்பித்த கணக்குதான் அவருக்கு வழி. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

1 ஜனவரி 2025

மேலே "மூன்று நாள்தான்" என்று பயமுறுத்தியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்குத் திருத்திய கணக்கு, காலங்கடந்த கணக்கு இரண்டுக்கும் ஜனவரி 15 வரை நீட்டித்துவிட்டார்கள். அறிவிப்பு நேற்றுதான் வந்தது. நேற்று மாலைக்குள் ஏழு பேருக்கு அடித்துப்பிடித்து முடித்துக் கொடுத்திருந்தேன். இரவு தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னவர் அந்த ஏழு பேரில் ஒருவர்.

காலங்கடந்து தாக்கல் செய்த கணக்கையும் திருத்தலாமா என்று கேட்டிருந்தவருக்கு: திருத்தலாம். முன்பு முடியாது; 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு முடிகிறது.

6 ஏப்ரல் 2025

புதுப்பித்த கணக்கு, அதாவது ஐ.டி.ஆர்.-யு. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 139(8ஏ) பிரிவாக இதைக் கொண்டுவந்தபோது, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டு வரை என்று வைத்தார்கள். இந்த ஆண்டு நிதிச் சட்டம் அதை நான்கு ஆண்டாக்கிவிட்டது. திருத்திய கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்வதானால், இது கொடுப்பதற்கான வழி, வாங்குவதற்கான வழி அன்று. வரி கூடினால் மட்டுமே தாக்கல் செய்யலாம்; வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ நட்டத்தைக் காட்டவோ முடியாது. ஓர் ஆண்டுக்கு ஒரு முறைதான். கட்ட வேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல், முதல் ஆண்டுக்குள் 25, இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70 விழுக்காடு கூடுதல் வரி.

பீரோ நண்பர் அந்த ரசீதை 2024 ஆகஸ்டில் பார்க்காமல் இப்போது பார்த்திருந்தால், ரூ. 7,210உடன் சுமார் ரூ. 1,800ஐயும், வட்டி எழுந்தால் அதையும் சேர்த்துக் கட்டியிருப்பார். என் 80டி கதைக்கு இந்த வழி பயன்படாது.

தொலைபேசியில் கேட்டவர் 50 விழுக்காடு ஆவதற்கு முன், மார்ச் கடைசி வாரத்தில் கட்டிவிட்டார். முகவரை அதன் பிறகு அவரால் தொடர்புகொள்ள முடியவில்லை.

20 ஜூலை 2025

14ஆம் தேதி நாட்டின் பல பகுதிகளில், தமிழ்நாடு உட்பட, சுமார் 150 இடங்களில் போலிக் கழிவுகள் தொடர்பாகத் துறை சோதனை நடத்தியிருக்கிறது. அதோடு வெளியிட்ட அறிக்கையில், கடந்த நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே கணக்கைப் புதுப்பித்து ரூ. 1,045 கோடி அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர் இச்செய்தியை எனக்கு அனுப்பியிருந்தார். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை.

30 ஆகஸ்ட் 2025

இம்மாதம் 21ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற புதிய வருமானவரிச் சட்டம் அடுத்த ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதில் நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர் போய், 'வரி ஆண்டு' என்ற ஒன்றே இருக்கும். என் சலான் சென்ற ஆண்டு ஜூலையில் வழிதவறிய காரணம் இனி இல்லை. பிரிவு எண்களும் மாறுகின்றன. இந்த இழையில் நான் எழுதிய 139, 143, 154 எல்லாம் பழைய ஆண்டுகளுக்கு மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

12 செப்டம்பர் 2025

பீரோ நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார். இந்த ஆண்டு கெடுவை செப்டம்பர் 15க்குத் தள்ளியிருந்ததால் நிதானமாக உட்கார்ந்து, வைப்பு வட்டியை எல்லாம் சரியாகக் காட்டி, 3ஆம் தேதி தாக்கல் செய்து சரிபார்த்தும்விட்டாராம். நேற்று பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டு வந்தபோது, சேமிப்புக் கணக்கின் வட்டி ரூ. 812ஐக் காட்டவில்லை என்று தெரிந்திருக்கிறது. புதிய வரிமுறையில் அதற்குக் கழிவும் கிடையாது. அவர் இருக்கும் 10 விழுக்காட்டுப் படியில் செஸ்ஸுடன் ரூ. 84. "சில நூறு ரூபாய்க்குத் திருத்த வேண்டாம் என்று சென்ற ஆண்டு சொன்னீர்களே, அது இப்போதும் பொருந்துமா?"

அப்படிச் சொன்னது நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இத்தனை ரூபாய்க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் இன்றைக்கே திருத்த வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம் என்றாலும், உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் பீரோவின் மேல்தட்டு, அடித்தட்டு, துணிகளுக்கு அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளின் கீழ்ப்பக்கம், அஞ்சலகப் புத்தகங்கள் இருக்கும் பை எல்லாவற்றையும் பாருங்கள். நவம்பரில் ஆண்டுத் தகவல் அறிக்கையை இன்னொரு முறை இறக்கி ஒப்பிடுங்கள். வேறு எதுவும் அகப்படவில்லை என்று உறுதியான பிறகு ரூ. 84ஐயும் சேர்த்துக் கட்டி ஒரே முறையாகத் திருத்திவிடலாம். ரீஃபண்ட் ஏதும் வந்திருந்தால், இந்த முறை அதை முதலிலேயே எனக்குச் சொல்லுங்கள்.